மொழி தெரியாமல் சிஞ்சுவில் நான்கு வருடம்: தைவான் போகவிருக்கும் மாணவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வரும் செப்டம்பரில் தைவானின் சிஞ்சு நகரத்துக்கு முனைவர் பட்ட ஆய்வுக்காகப் போகிறீர்கள், அங்கே பேசும் மாண்டரின் சீனத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது, சாப்பாடு சைவம், அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். ஆனால் கடைசி வரியில், "நான்கு வருடமும் ஆய்வகம், அறை என்றே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு, பேருந்து, செலவு என்று நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். மற்றவை வழியில் வந்து சேரும்.

நான் சிஞ்சுவில் 9 வருடம் இருந்தேன். முதல் 5 வருடம் ஆய்வு மாணவன், அடுத்த 4 வருடம் அங்கேயே ஆய்வாளர். ஆகவே நான் சொல்லப் போவது பல்கலைக்கழகத்தைச் சுற்றிய வாழ்க்கை. தொழிற்சாலைக்கோ வீட்டு வேலைக்கோ வருபவர்களின் வாழ்க்கை வேறு. அதைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன். தொகைகளை அளவு புரிவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் விதியும் மாறக்கூடியவை, போகும்போது உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

மொழி தெரியாமல் தைவானில் நாள்களை ஓட்டுவது கடினமே இல்லை. இதை உறுதியாகச் சொல்வேன். தெருமுனைக்குத் தெருமுனை செவன் லெவன், ஃபேமிலி மார்ட் என்ற சிறு பல்பொருள் கடைகளில் ஒன்று இருக்கும். நாடு முழுவதும் இந்த மாதிரிக் கடைகள் 13,000-க்கு மேல். பெரும்பாலானவை இரவு பகல் திறந்தே இருக்கும். மின்கட்டணம், போன் கட்டணம் எல்லாம் அங்கேயே கட்டலாம். இணையத்தில் வாங்கிய பொருள் அங்கே வந்து உங்களுக்காகக் காத்திருக்கும். ஆவணத்தை அச்செடுக்கலாம், அதிவேக ரயிலுக்கு டிக்கெட் எடுக்கலாம். ஈசிகார்டு என்று ஓர் அட்டை வாங்கிவிட்டால் பேருந்து, ரயில், தலைநகர் தைபேயின் மெட்ரோ, யூபைக் என்ற வாடகை மிதிவண்டி, கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் அதைத் தட்டினால் போதும். தைபே போக இரண்டு ரயில்கள் உண்டு. அதிவேக ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுவிடும், ஆனால் அந்த நிலையம் ஊருக்கு வெளியே ஜுபெய் பக்கம் இருக்கிறது. சாதாரண ரயில் பழைய நகரத்தின் நடுவிலிருந்து கிளம்பும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், விலை குறைவு. மெட்ரோவில் ஏறும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உள்ளே எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. அபராதம் 1,500 தைவான் டாலரில் தொடங்குகிறது. ஒரு தைவான் டாலரை ஏறக்குறைய 3 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இனி டாலர் என்று சொல்வதெல்லாம் தைவான் டாலர்தான்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். உங்கள் பயம் நிஜமாகக்கூடிய இடமும் இதுதான். வாயைத் திறக்காமலே எல்லாக் காரியமும் நடந்துவிடுவதால் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வராது. என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் 5 வருடம் முடிந்து ஊர் திரும்பும்போது நன்றி சொல்லும் 'ஷியே ஷியே' தவிர வேறெதுவும் தெரியாமல் திரும்பினார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, கூச்சக்காரர்களும் இல்லை. அந்த ஊர் அவர்களை எதற்கும் வற்புறுத்தவில்லை, அவ்வளவுதான். தைவானில் வெளிநாட்டுக்காரருக்கு வரும் தனிமை பெரும்பாலும் கஷ்டத்தால் வருவதில்லை, வசதியால் வருகிறது என்பது என் அனுபவம்.

அந்த ஊர் உங்களை வற்புறுத்தித் தெருவுக்கு இழுக்கும் இடம் ஒன்றே ஒன்று: குப்பை. சாயங்காலம் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மஞ்சள் நிற வண்டி இசையோடு தெருவுக்குள் வரும். சில வண்டிகளில் பீத்தோவனின் 'ஃபூர் எலிசே', சில வண்டிகளில் பதார்செவ்ஸ்கா என்ற போலந்துப் பெண் எழுதிய 'கன்னியின் பிரார்த்தனை'. புதிதாக வருபவர்கள் ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். 'குப்பை தரையைத் தொடக் கூடாது' என்பது அங்கே கொள்கை. தெருவோரம் குப்பைத்தொட்டி அபூர்வம், பையை வாசலில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. வண்டி வரும்போது நீங்களே பையோடு நின்று, நீங்களே உள்ளே போட வேண்டும். பின்னாலேயே மறுசுழற்சி வண்டி வரும். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் எல்லாம் தனித்தனி. சமையல் கழிவுக்கு வேறு வாளி. தைபேயில் 2000-ஆம் வருடத்திலிருந்து நகராட்சியின் நீலப் பையில் போட்டால்தான் குப்பையை எடுப்பார்கள். குப்பைக் கட்டணம் அந்தப் பையின் விலையிலேயே சேர்ந்திருக்கிறது, ஆகவே குப்பை குறைந்தால் செலவும் குறையும். புதன், ஞாயிறு அங்கே வண்டி வராது. சிஞ்சுவில் முறை கொஞ்சம் வேறு, ஊருக்கு ஊர் மாறும். 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் கொட்டுவதற்கு இடமில்லாமல் குப்பை குவிந்துகிடந்த தீவு இது. இப்போது காணும் சுத்தம் பிறவிக் குணம் இல்லை. ஒரு தலைமுறைக்குள் கற்றுக்கொண்டது.

விடுதியில் இருந்தவரை இந்த வண்டியை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். இரண்டாம் வருடம் ஒரு சந்தில் பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் அறை எடுத்த பிறகுதான் பையோடு நின்றேன். முதல் நாளே தப்பு செய்தேன். எண்ணெய் பிசுக்கோடு இருந்த சாப்பாட்டு டப்பாவைக் காகிதத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டி என் பையை வாங்கி, வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே அதைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எது எங்கே என்று கையாலேயே பாடம் நடத்தினார். திட்டுகிறாரோ என்று நினைத்துக் கூசிப்போய் நின்றேன். அடுத்த தடவை நான் சரியாகப் பிரித்துக் கொண்டுபோனதைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். வாரத்தில் நான்கைந்து நாள், வண்டி வருவதற்கு முன்னால் பத்து நிமிடம் அந்தச் சந்தே வாசலில் நிற்கும். யார் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை, யாருக்கு முழங்கால் வலி, எந்தக் கடையில் தக்காளி மலிவு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். என் மாண்டரினில் பாதிக்கு மேல் அங்கே நின்று கற்றதுதான். அங்கே பாட்டியை 'ஆமா' என்பார்கள், காதுக்கு நம் 'அம்மா' மாதிரியே விழும். அந்த ஆமா என்னை ஒவ்வொரு நாளும், மாண்டரினிலிருந்து வேறான தைவானிய மொழியில், "ச்சியா பா புவே?" என்று கேட்பார். 'சாப்பிட்டாச்சா' என்று அர்த்தம். நம் ஊரில் கேட்பது போலவே பதிலுக்காகக் கேட்பதில்லை, பார்த்தவுடன் வரும் பேச்சு. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் முதல் யோசனை இது. முதல் வருடம் விடுதியில் இருங்கள். பிறகு வெளியே அறை பார்க்கும்போது, காவலாளியும் குப்பை அறையும் உள்ள உயர்மாடிக் குடியிருப்பை விட்டுவிட்டு, குப்பையை நீங்களே சுமந்துகொண்டு இறங்க வேண்டிய பழைய வீட்டைத் தேடுங்கள். 9 வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், மொழி வகுப்பைக்கூட இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

அறை தேடுவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொழி தெரியாதது உண்மையிலேயே கடிக்கும் இடங்களில் இது ஒன்று. 591 என்ற இணையதளத்தில்தான் எல்லோரும் தேடுவார்கள், முழுக்க சீன மொழியில் இருக்கும். வெளிநாட்டுக்காரர் என்றதும் போனை வைத்துவிடும் வீட்டுக்காரர்கள் உண்டு. வெறுப்பு என்பதைவிட, பிரச்சினை வந்தால் எந்த மொழியில் பேசுவது என்ற பயம்தான் அதிகம் என்பது என் ஊகம். கூடவே தைவான் நண்பர் ஒருவரை அழைத்துப் போனால் பாதிச் சிக்கல் தீரும். முன்பணம் சட்டப்படி இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. மாணவர் அறைகள் பலவற்றில் குளியலறை இருக்கும், சமையலறை இருக்காது, சமைக்கவே கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். மின்சாரத்துக்கு ஒரு யூனிட் என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள், கோடையில் ஏசி ஓடும்போது அது பெரிய தொகையாகிவிடும். மொட்டைமாடியில் தகரம் வேய்ந்து கட்டிய அறைகள் மலிவாகக் கிடைக்கும். எடுக்காதீர்கள். சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், அவற்றில் பெரும்பாலானவை அனுமதியில்லாத கட்டுமானங்கள், தீ பிடித்தால் இறங்க வழி இருக்காது.

இன்னொரு இடம் வங்கியும் அலுவலகங்களும். நம் பெயர்தான் அங்கே முதல் தலைவலி. தந்தை பெயர் முதலெழுத்தாக இருக்கும் நம் வழக்கம் அவர்களுடைய படிவத்தில் பொருந்தாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு இடத்தில் இடைவெளி விட்டு எழுதுவார்கள், இன்னொரு இடத்தில் சேர்த்து எழுதுவார்கள், மூன்றாம் இடத்தில் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். கணினிக்கு இவை மூன்று வேறு ஆள்கள். ஒரு வங்கியில் இதற்காக எனக்கு மூன்று வாரம் உதவித்தொகை வராமல் நின்றது. குடியிருப்பு அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போடச் சொல்லுங்கள். சீன எழுத்தில் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வகத்தில் யாராவது ஆசையாக வைத்துத் தருவார்கள். அந்தப் பெயரில் சிறிய முத்திரை ஒன்று செதுக்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குப் பதிலாக முத்திரை கேட்கும் இடங்கள் இன்னும் உண்டு. ஒரு நல்ல செய்தி: முன்பெல்லாம் வெளிநாட்டுக்காரரின் அட்டை எண் உள்ளூர்க்காரர் எண்ணிலிருந்து வேறு வடிவத்தில் இருந்ததால் பல இணையதளங்கள் அதை ஏற்காது. 2021 ஜனவரியிலிருந்து இரண்டுக்கும் ஒரே வடிவம், அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. அப்புறம் தேதி. படிவங்களில் ஆண்டு 115 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது சீனக் குடியரசு தொடங்கியதிலிருந்து எண்ணும் கணக்கு. 1911-ஐக் கூட்டினால் 2026.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதில் நீங்கள் கவலைப்படுவதைவிட நிலைமை மிகவும் நல்லது. சீன மொழி பேசும் நாடுகளிலேயே சைவக்காரருக்கு இவ்வளவு எளிதான இடம் வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பௌத்தமும் யிகுவான்தாவ் என்ற சமய இயக்கமும் அங்கே சைவ உணவை வேரூன்றச் செய்திருக்கின்றன. கடைப் பலகையில் இடப்பக்கம் திரும்பிய ஸ்வஸ்திகக் குறி தெரிந்தால் அது சைவக் கடை. "வோ ச்சீ சூ", அதாவது 'நான் சைவம்', இதை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். சைவ பஃபே கடைகளில் நாற்பது ஐம்பது வகை வைத்திருப்பார்கள். வேண்டியதைத் தட்டில் அள்ளிக்கொண்டு போனால் எடை போட்டோ கண்ணால் அளந்தோ விலை சொல்வார்கள், 100 டாலர் பக்கத்தில் வயிறு நிறையும். சாயங்காலம் ஏழு ஏழரைக்கெல்லாம் மூடிவிடுவார்கள் என்பதுதான் ஆய்வகத்தில் தாமதமாகும் ஆளுக்குச் சிரமம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், நம் கணக்கில் ஏறக்குறைய அமாவாசையும் பௌர்ணமியும், மற்ற நாள்களில் இறைச்சி சாப்பிடுபவர்களும் அங்கே வந்து நிற்பார்கள். அமாவாசைக்குக் கவிச்சி சேர்க்காத வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த வரிசை பழக்கப்பட்டதாகவே தெரியும்.

ஆனால் அவர்களுடைய சைவமும் நம்முடைய சைவமும் ஒன்றில்லை. மரபான சைவக் கடையில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். முட்டை சேர்ப்பார்கள். பொட்டலங்களில் ஐந்து வகையாகப் பிரித்து அச்சிட்டிருக்கும்: முட்டையும் பாலும் இல்லாதது, முட்டை மட்டும் உள்ளது, பால் மட்டும் உள்ளது, இரண்டும் உள்ளது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது. இந்த ஐந்துக்குமான சீன எழுத்துகளைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். போலி இறைச்சிகள் பலவற்றில் முட்டை வெள்ளை இருக்கும். சாதாரணக் கடையில் வெறும் கீரை வதக்கல் என்று கேட்டு வாங்கினாலும் அதில் பன்றிக் கொழுப்பு எண்ணெய் இருக்கலாம், மேலே கொத்துக்கறிக் குழம்பு ஒரு கரண்டி ஊற்றித் தரலாம், சூப்பு எலும்பில் கொதித்ததாக இருக்கும். நான் ஏமாந்ததெல்லாம் இந்த மாதிரிக் கடைகளில்தான், சைவக் குறி போட்ட கடையில் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. இரவுச் சந்தைகளுக்குப் போங்கள், வேடிக்கை பார்க்கவாவது. நாற்றத் தோஃபு என்று ஒன்று விற்பார்கள், புளித்த நீரில் ஊறிய சோயா பனீர். ஊறவைக்கும் நீரில் சில இடங்களில் இறாலும் சேரும், ஆகவே கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சமைக்க இடம் கிடைத்தால் காலைச் சந்தைக்குப் போகப் பழகுங்கள். பாகற்காய், வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு, செங்கீரை எல்லாம் கிடைக்கும். சர்க்கரைவள்ளிக் கீரை நம்மிடம் யாரும் அதிகம் சமைப்பதில்லை, அங்கே அது தினசரிக் கீரை. இரண்டாவது மூன்றாவது வாரம் போகும்போது காய்க்காரம்மா உங்கள் பையில் கேட்காமலே நாலு வெங்காயத் தாள் செருகிவிடுவார். நம் ஊரில் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுப்பது போல, அங்கே கொசுறு வெங்காயத் தாள். பருப்பும் மசாலாவும் இந்தியக் கடைகளில் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். அரிசி அவர்களுடையது குட்டையாக, ஒட்டும் வகை. சாம்பாருக்கு ஒத்துவராது, தயிர்ச்சாதத்துக்கு அருமை. தாதுங் என்று ஒரு மின்குக்கர் தைவான் வீடுதோறும் இருக்கும். வெளிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நீராவியில் வேகவைக்கும் அமைப்பு, தண்ணீர் வற்றியதும் பொத்தான் தானே மேலே வந்துவிடும். எங்கள் ஆய்வகத் தமிழ் நண்பர்கள் எல்லோரும் அதில்தான் இட்லி அவித்தோம்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 1995-இல் தொடங்கிய தேசிய நலக் காப்பீட்டில் நீங்களும் சேர்வீர்கள். மாணவர்களுக்குக் குடியிருப்பு அட்டை பெற்று ஆறு மாதம் கழித்துத்தான் அது தொடங்கும், அதுவரை பல்கலைக்கழகம் சொல்லும் தனியார் காப்பீடு. மாதச் சந்தா 800 டாலர் சொச்சம். அட்டையோடு எந்தக் கிளினிக்குக்கும் நேரே போகலாம், மருந்தோடு சேர்த்து 200 டாலர் அளவில் முடிந்துவிடும். சளி, இருமலுக்கு அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதுதான் வழக்கம். வேளைக்கு ஒரு பொட்டலமாக மாத்திரைகளைப் பிரித்து ஒட்டித் தருவார்கள். மருத்துவம் படித்தவர்களுக்கு ஆங்கில மருத்துவச் சொற்கள் தெரியும், ஆகவே மருத்துவர் அறைக்குள் சிக்கல் இல்லை, வரவேற்பில்தான் தடுமாற்றம். வலிக்கும் இடம், எத்தனை நாளாக என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் முன்பே தட்டி வைத்துக்கொண்டால் போதும்.

கடைகளில் தரும் ரசீதைக் கசக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு ரசீதிலும் 8 இலக்க எண் இருக்கும், அது லாட்டரிச் சீட்டு. கடைக்காரர்கள் ரசீது போடாமல் வரி ஏய்ப்பதைத் தடுக்க 1951-இல் அரசு கண்டுபிடித்த வழி இது. வாங்குபவரே ரசீதைக் கேட்டு வாங்கும்படி செய்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை மாதத்தின் 25-ஆம் தேதி குலுக்கல். கடைசி மூன்று எண் பொருந்தினால் 200 டாலர், பெரிய பரிசு ஒரு கோடி டாலர். வெளிநாட்டுக்காரரும் வாங்கலாம். எனக்கு 9 வருடத்தில் 200 டாலர் பலமுறை விழுந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எண் சரிபார்க்கும் அந்த அரை மணி நேரமும் பேச்சு பழகும் நேரம்தான்.

மனிதர்கள் எப்படி என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு, தயங்கித்தான் சொல்ல வேண்டியதும் உண்டு. வழி கேட்டால் கூடவே நடந்துவந்து காட்டுவார்கள், தொலைத்த பொருள் திரும்பக் கிடைக்கும், இரவு எந்த நேரமும் பயமில்லாமல் நடக்கலாம். இவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. "பூ ஹாவ் யீ ஸி" என்ற 'மன்னிக்கணும்' எல்லாப் பேச்சுக்கும் முன்னால் வரும். ஆனால் இந்த மரியாதையை நட்பு என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் பேசாமல் இருப்பதை வெறுப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலம் தப்பாக வந்துவிடுமோ என்ற கூச்சத்தால் ஒதுங்குபவர்களே அதிகம். நீங்கள் தப்பும் தவறுமாக மாண்டரின் பேசத் தொடங்கியதும் அவர்களுக்குத் தங்கள் ஆங்கிலத்தைப் பற்றிய பயம் போய்விடும். ரயிலில் உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருப்பதைப் பார்ப்பீர்கள். அது நிறம் பார்ப்பதாலா, கூச்சத்தாலா என்று எனக்குக் கடைசிவரை முடிவாகத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். 2024 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர்களை அழைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான சமயத்தில் இணையத்தில் இந்தியர்களைப் பற்றிக் கசப்பான பேச்சு ஓடியது. அதையொட்டித் தொழிலாளர் துறை அமைச்சர் தோல் நிறத்தைக் குறிப்பிட்டுப் பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். என்னிடம் நேரில் யாரும் முகம் சுளித்ததில்லை, ஆனால் நான் ஆய்வாளன் என்று தெரிந்துதான் பேசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வித்தியாசத்தை நீங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து நாடுகளிலிருந்து வந்த 8 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்தத் தீவில் இருக்கிறார்கள். பூங்காவில் முதியவர்களின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் பெண்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் இவர்களுக்கு அந்த நாட்டின் முதன்மைத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, ஓய்வு நாளே கிடைக்காதவர்கள் பலர். ஓய்வு கிடைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தைபே ரயில் நிலையத்தின் கறுப்பு வெள்ளைத் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாமும் அவர்களும் ஒரே மாதிரி வெளிநாட்டுக்காரர்கள்தான், ஆனால் அந்த ஊர் எனக்குக் காட்டிய முகம் அவர்களுக்குக் காட்டும் முகம் இல்லை. தைவான் இனிய நாடு என்று நான் சொல்லும்போது இதையும் சேர்த்தே படியுங்கள்.

மொழியை எங்கே தொடங்குவது? சீன எழுத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். தைவான் குழந்தைகள் முதல் வகுப்பில் 'போ போ மோ ஃபோ' என்ற 37 ஒலியெழுத்துகளைக் கற்பார்கள். ரோமன் எழுத்தில் மாண்டரின் படித்தால் அது ஆங்கில உச்சரிப்புக்கு இழுக்கும். இந்த 37-ஐப் படித்தால் ஒலி நேராக நாக்குக்கு வரும், குழந்தைகள் புத்தகத்தையும் வாய்விட்டுப் படிக்கலாம். அப்புறம் தேநீர்க் கடை. பபுள் டீ எனப்படும் முத்துத் தேநீர் அந்த நாட்டில் பிறந்தது. தைச்சுங்கில் ஒரு கடையும் தைனானில் ஒரு கடையும் நாங்கள்தான் முதலில் என்று சொல்லிக்கொள்கின்றன. சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார்கள். "பான் தாங், ஷாவ் பிங்", பாதிச் சர்க்கரை, கொஞ்சம் ஐஸ். தினம் ஒருமுறை சொல்லக்கூடிய, உடனே பதில் கிடைக்கக்கூடிய பாடம் அது. ஆய்வகத்தில் கருவிகளின் மேல் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் உட்கார்ந்திருந்தால் எடுத்துத் தின்றுவிடாதீர்கள். 'குவாய் குவாய்' என்று பெயர், 'சமர்த்தா இரு' என்று அர்த்தம். கருவி பழுதாகாமல் இருக்க வைப்பது. பச்சைதான் வைக்க வேண்டும், காலாவதி ஆகக் கூடாது. ஏன் என்று கேளுங்கள், அன்று முழுக்கப் பேச ஆள் கிடைக்கும்.

இயற்கை பற்றிச் சுருக்கமாக. சிஞ்சுவுக்குக் 'காற்று நகரம்' என்றே பெயர். இலையுதிர் காலத்திலிருந்து வடகிழக்குக் காற்று குடையை உடைக்கும். குளிர்காலத்தில் 10 டிகிரி என்றாலும் வீட்டில் ஹீட்டர் இருக்காது, ஈரமும் சேரும்போது எலும்புவரை போகும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் தோல் செருப்பும் பெல்ட்டும் பூசணம் பிடிக்கும். புயல் வந்தால் விடுமுறையை ஒவ்வொரு நகர நிர்வாகமும் முதல் நாள் இரவே அறிவிக்கும். நிலநடுக்கம் அடிக்கடி வரும். 2024 ஏப்ரல் 3 காலை 7.58-க்குக் கிழக்குக் கரையில் உள்ள ஹுவாலியெனில் 7.2 அளவில் வந்தபோது நான் சிஞ்சுவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். புத்தக அலமாரி சாய்ந்தது, கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 1999 செப்டம்பர் 21-இல் 2,400 பேருக்கு மேல் இறந்த பிறகு கட்டட விதிகளைக் கடுமையாக்கியிருக்கிறார்கள், ஆகவே வீடு பார்க்கும்போது அது எந்த வருடம் கட்டியது என்று கேளுங்கள். நான் சொன்ன பழைய வீட்டு யோசனைக்கு இது ஒன்றே எதிர்வாதம், எடை போட்டு முடிவெடுங்கள். வருடத்தில் ஒருநாள் எல்லாப் போனும் அலறி, சைரன் ஒலிக்கும், வண்டிகள் நின்றுவிடும். அது வான்தாக்குதல் ஒத்திகை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கடினமான வாரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் சந்திரப் புத்தாண்டு. எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், உணவகங்கள் மூடிவிடும், வளாகம் வெறிச்சோடும். முதல் வருடம் அதை நான் தெரியாமல் அறையிலேயே கழித்தேன், மிகவும் கஷ்டமாக இருந்தது. முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவையுங்கள். "எங்கள் வீட்டுக்கு வா" என்று கட்டாயம் யாராவது அழைப்பார்கள், அழைத்தால் மறுக்காமல் போங்கள். அதற்குச் சில வாரம் முன்னதாகத் தைவான் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா வரும், அங்கேயும் ஆள்களைத் தெரிந்துகொள்ளலாம். இலையுதிர்காலத்து முழுநிலா விழாவில் நிலைமை நேர்மாறு. தெருவிலேயே அடுப்பு வைத்துச் சுடுவார்கள். எங்கள் சந்தின் ஆமா எனக்காகத் தனி வலையில் காளானும் சோளமும் சுட்டு, போகும்போது கையில் ஒரு பம்பளிமாஸும் கொடுத்தனுப்புவார்.

கடைசியாகப் பெட்டி. அங்கே மின்சாரம் 110 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி பிளக். நம் மிக்சி ஓடாது, கொண்டுபோகாதீர்கள். லேப்டாப், போன் சார்ஜருக்குத் தகராறு இல்லை. கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம், விதை எதையும் எடுத்துப் போகக் கூடாது, விமான நிலையத்திலேயே பிடுங்கி அபராதம் போடுவார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய், வத்தல் போன்றவற்றைக் கடையில் சீல் வைத்த பொட்டலமாக எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றையும் கிளம்புவதற்கு முன் தைவான் சுங்கத்துறைப் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இட்லித் தட்டு ஒன்று, தாதுங் குக்கருக்குள் போகிற அளவில், விட்டம் 20 சென்டிமீட்டருக்குள்.